போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து ஆம்பூருக்கு எத்தனை மணி நேரம்?

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் நீங்கள் எத்தனை வருடம் குப்பை கொட்டினாலும், படியேறி வருகிறவர் கேட்கப்போகும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எத்தினி மணி நேரம்?”

ஆம்பூர் பஜாரில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் டிராவல்ஸ். ஊழியர்கள் என்று சொன்னால் நானும் ஜெபராஜும்தான். முதலாளி வேலூரில் இருந்துகொண்டு போனில் மட்டும் வருவார். தோல் வியாபாரிகள், ஷூ கம்பெனி மேனேஜர்கள், நர்சிங் முடித்து அயர்லாந்துக்குக் கிளம்புகிற பெண்கள், மெக்காவுக்கு உம்ரா போகிறவர்கள் என்று எல்லோரும் எங்கள் படியை ஏறியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் எங்காவது தூர தேசத்தில் இருந்தால், நீங்களும் இந்தக் கேள்வியை ஒரு முறையாவது செல்போனில் தட்டிப் பார்த்திருப்பீர்கள். அது காட்டிய பதிலை நம்பியும் இருப்பீர்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பதுதான் என் உத்தியோகம். அதனால் என்னை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

இல்லாத விமானம்

சாதிக் பாய் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜுபைதா, ஒரே மகன் இம்ரான். தோல் படிப்பு படித்த இம்ரானுக்கு பிரேசிலில், போர்ட்டோ அலெக்ரே என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இங்கே செய்த அதே வேலைதான், தோலுக்கு நிறமேற்றிப் பளபளப்பாக்குவது. சம்பளம்தான் வேறு. இரண்டு வருட ஒப்பந்தம். டிக்கெட் போட அப்பாவும் மகனும் சேர்ந்து வந்திருந்தார்கள்.

பாய் உட்காருவதற்கு முன்பே செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். சென்னையிலிருந்து போர்ட்டோ அலெக்ரேவுக்கு வளைந்து போகும் ஒரு கோடு, அதற்குக் கீழே தூரம் பதினாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பயண நேரம் பதினெட்டு மணி. “பரவால்லடா, ஒரு நாள் கூட இல்ல” என்று மகனின் தோளில் தட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வழக்கம்போல சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அதைக் கெடுக்கப்போவது நான்.

என் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். இங்கிருந்து துபாய், அங்கே காத்திருக்க வேண்டும். பிறகு சாவோ பாவ்லோ வரை பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக உட்கார வேண்டும். அங்கேயும் காத்திருந்து, இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை நாள் தாண்டிவிடும். போனில் இருப்பது உலக உருண்டை மேல் கோடு போட்டு அளந்த தூரம், அதை விமான வேகத்தால் வகுத்து நேரம் போட்டிருக்கிறார்கள், அந்தக் கோட்டின் மேல் ஒரு விமானமும் பறப்பதில்லை என்று விளக்கினேன். பாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இல்லாத பிளைட்டுக்கு இன்னாத்துக்குமா டைம் போட்டு வச்சிக்கிறான்?”

இத்தாலியும் பூந்தமல்லியும்

சென்னை, பெங்களூரு இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் இருக்கிறோம் என்று ஆம்பூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இரண்டுமே எட்டாத தூரம் என்பதுதான் அதற்கு அர்த்தம். வேலூருக்கு விமானம் வரப்போகிறது என்று நானும் காலம் காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓடுபாதை இருக்கிறது, அதில் ஓடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஷூ கம்பெனி மேனேஜர் ஒருவர், இத்தாலியின் மிலானிலிருந்து வரும் வாடிக்கையாளருக்கு என்னிடம்தான் டிக்கெட் போட்டார். நேரத்தைக் கேட்டார், சொன்னேன். சென்னையில் இறங்கிய பிறகு சாலைக்கும் நேரம் ஒதுக்குங்கள் என்றும் சொன்னேன். “அதெல்லாம் ஹைவேதானே மேடம்” என்றார். விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கிவிட்டது. கார் பூந்தமல்லியில் நின்றது, ஸ்ரீபெரும்புதூரில் நின்றது, வாலாஜா சுங்கச்சாவடியிலும் நின்றது. மதியச் சாப்பாடு ஆறிப்போய், மேஜை மேல் வரிசையாக அடுக்கிவைத்த சாம்பிள் ஷூக்களுக்கு எதிரே மேனேஜரும் ஆறிப்போய் உட்கார்ந்திருந்தார். வந்தவர் ஒரு ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சோபாவிலேயே தூங்கிவிட்டாராம். மறுநாள் மேனேஜர் வந்து என்னிடம் முறையிட்டார்:

“இத்தாலியிலேர்ந்து வந்தவரு நல்லாத்தான் மேடம் இருந்தாரு, பூந்தமல்லியிலேர்ந்து வந்தவருதான் படுத்துட்டாரு.”

இதுவரைதான் சிரிப்பு. இனிமேல் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

ஜும்மா முடிந்ததும்

இம்ரான் போய் இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஜுபைதாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். கல்லீரலில் புற்று, பரவிவிட்டது என்றார்கள். மாதங்கள்தான், எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் சாதிக் பாய் மாடியேறி வர ஆரம்பித்தார். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்வார். “இன்னிக்கு அவன் கெளம்புனா எப்பம்மா வருவான்?” என்பார். நான் கம்ப்யூட்டரில் தேடிச் சொல்வேன். விமான நேரங்கள் சில வாரம் மாறும், சில வாரம் மாறாது. ஆனால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதையும் சென்னையிலிருந்து சாலையையும் சேர்த்தால், இரண்டு நாளுக்குக் கீழே அது ஒரு வாரம்கூட இறங்கியதில்லை. சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்காமல் போகும்.

ஏன் வாரா வாரம் கேட்கிறார் என்று ஒருநாள் அவரே சொன்னார். அவர்கள் பழக்கத்தில் இறந்தவரை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. காலையில் இறந்தால் அன்றைய தொழுகை ஒன்றை ஒட்டியே அடக்கம் முடிந்துவிடும். சொந்தக்காரர்கள் ஓடி வரக் கொஞ்சம் பொறுப்பார்கள், அவ்வளவுதான். தாய்க்குத் தோள் கொடுப்பதும், குழியில் மூன்று பிடி மண் போடுவதும் மகன். இந்த மகனோ பூமிப்பந்தின் மறுபுறம் இருக்கிறான். பாய் தரையைப் பார்த்தபடி கேட்டார்:

“ஒரு பொழுதுக்குள்ள வந்துட முடியுமா முடியாதா, எனக்கு அத மட்டும் சொல்லும்மா.”

ஐந்து நாள் பெட்டி

அன்று பாய் படியிறங்கிப் போன பிறகு ஜெபராஜ் தன் பெரியப்பா கதையைச் சொன்னான். வேலூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரண்டு மகன்களும் அமெரிக்காவில். அவர் இறந்தபோது கண்ணாடி வைத்த ஐஸ் பெட்டியில் படுக்க வைத்து, மகன்கள் வரட்டும் என்று காத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பது வழக்கம்தான்.

பெரியவனுக்கு லீவு கிடைக்கவில்லை, சனி ஞாயிறு வரட்டும் என்றான். சின்னவன், அண்ணனோடு சேர்ந்து வருகிறேன் என்றான். பாதிரியார் இரண்டு முறை நேரத்தை மாற்றினார். நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் கொண்டுவர ஆள் ஓடியது. கடைசியில் சின்னவன் மட்டும் வந்தான், பெரியவன் வீடியோவில் பார்த்தான். காத்திருக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்களா என்ன? ஜெபராஜ் சொன்னான்:

“அஞ்சு நாளும் பெரிம்மா அந்தப் பொட்டி பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்கினு இருந்தாங்கக்கா. பாய் வூட்டுப் பழக்கமே தேவலாம்னு அன்னிக்கு நெனச்சேன்.”

ஒரே ஒரு லீவு

இப்போதே வரச் சொல்லிவிடுங்கள் என்று நான்தான் சாதிக் பாயிடம் சொன்னேன். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. இம்ரானுக்கு ஒப்பந்தத்தின் நடுவில் ஒரே ஒரு முறைதான் லீவு, அதுவும் ஒரு வாரம். ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்தால் ஒரு மாதம் வீட்டில் இருக்கலாம். அந்த மாதம் பக்ரீத்தை ஒட்டி வந்தது. இப்போது வந்து உயிரோடு பார்த்துவிட்டுப் போனால், நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று ஆனால் மறுபடி கிளம்ப முடியாது. அந்த நாளுக்காக லீவைப் பிடித்து வைத்தால், உயிரோடு பார்க்க முடியாமல் போகலாம். எதற்காக டிக்கெட் போடுவது என்று என்னைக் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தருகிற கம்ப்யூட்டர் எந்த டிராவல்ஸிலும் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஒருநாள் பாய் ஆட்டோவைக் கடை வாசலில் நிறுத்தினார். படியேற முடியாததால் ஜுபைதா ஆட்டோவிலேயே இருந்தார்கள், நான் இறங்கிப் போனேன். அதுவரை அவர்களைப் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டிப்போன முகத்தில் கண்கள் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்ரீத்துக்கே டிக்கெட் போடச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் போடலாமே என்றேன். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஜுபைதாதான் சொன்னார்கள்:

“ஒரு வாரத்துக்கு வந்தா துணி தொவைக்கவே சரியாயிடும். ஒரு மாசம் வரட்டும்மா, அவனுக்கு ஆக்கிப் போடற அளவுக்கு நான் எழுந்துடுவேன்.”

போட்டேன். பக்ரீத்துக்கு முந்தைய வாரம் சென்னையில் இறங்குகிற மாதிரி. மூன்று விமானங்களிலும் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்தேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பள்ளிவாசலில் சொன்னது

பக்ரீத்துக்கு மூன்று வாரம் இருந்தது. காலையில் குடியாத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜுபைதாவின் பெயரைக் கேட்டு நடுரோட்டில் நின்றுவிட்டேன். சாதிக் பாயின் மனைவி இறந்துவிட்டார், நாளைக் காலை முதல் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்றார்கள். அழுகை வந்தது. அதற்கு நடுவிலேயே, ஏன் நாளைக்கு, இன்றைக்கல்லவா அடக்கம் செய்வார்கள் என்று ஓர் எண்ணம் உறுத்தியது.

கடைப் படியில் ஜுபைதாவின் தம்பி நசீர் எனக்காக உட்கார்ந்திருந்தார். விடிகாலையில்தான் உயிர் பிரிந்தது. உடனே நசீர் போனில் பார்த்திருக்கிறார். பதினெட்டு மணி நேரம். அதோடு சென்னையிலிருந்து கார் வரும் நேரத்தையும் மறக்காமல் கூட்டியிருக்கிறார். சரியாக மறுநாள் விடிகாலைத் தொழுகையில் வந்து உட்கார்ந்தது கணக்கு. பள்ளிவாசல் பெரியவர்களின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அதுவரை காத்திருக்க அனுமதியும் வாங்கிவிட்டார். வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. சாதிக் பாய்க்கு ஞாபகம் இருந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். வாரா வாரம் என் வாயால் கேட்டவர்தான். ஆனால் அன்று காலையில் மச்சான் சொன்ன பதினெட்டை நம்பத்தான் அவருக்கு ஆசை இருந்திருக்கும். எனக்கே இருந்தது. நசீர் எழுந்து நின்று சொன்னார்:

“கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் வாங்கிட்டோம் மேடம், நீங்க டிக்கெட்ட மட்டும் போட்டுக் குடுங்க.”

எல்லா வழியும்

துபாய் பார்த்தேன். தோஹா பார்த்தேன். அடிஸ் அபாபா, ஜோகன்னஸ்பர்க், இஸ்தான்புல், பிராங்க்பர்ட் எல்லாம் பார்த்தேன். சென்னையை விட்டு பெங்களூருவில் இறக்கிப் பார்த்தேன். அன்றைய பெரிய விமானம் சாவோ பாவ்லோவிலிருந்து கிளம்பும் நேரத்துக்குள் இம்ரானால் அங்கே போய்ச் சேர முடியாது, அடுத்தது மறுநாள்தான். எந்தப் பக்கம் சுற்றினாலும் மூன்றாம் நாள் மதியத்துக்கு முன்னால் அவனை ஆம்பூரில் சேர்க்க முடியவில்லை. இம்ரான் போனில் இருந்தான். “எதுனா ஒரு வழி பாருங்கக்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இருப்பதில் சீக்கிரமானதைப் போட்டேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையை மறக்காமல் எடுத்து வா, பிரேசிலிலிருந்து வருகிறவர்களை அது இல்லாவிட்டால் இங்கே ஏர்போர்ட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள் என்றேன். அந்த நேரத்திலும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. நசீர், சாதிக் மாமாவிடம் சொல்ல என்னால் ஆகாது, நீங்களே வாருங்கள் என்று என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்குள் ஜுபைதாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். “காலைல புள்ள வந்துடுவான், நீ மொகம் காட்டாம போமாட்ட” என்று ஒரு பெண் அவர் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே பந்தலில் சாதிக் பாய் நாற்காலியில் இருந்தார். நான் வருவதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் முழுவதையும் சொல்ல வைத்தார். மூன்றாம் நாள் மதியம் பாய், அதற்கு முன்னால் வழியே இல்லை என்று சொன்னேன். சுற்றியிருந்தவர்களில் ஒருவர், இன்னும் ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாமா என்றார். பாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்றைக்கே, மாலைத் தொழுகைக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்றார். நசீர் அழுதார். பாய் அழவில்லை, என்னிடம் கேட்டார்:

“உசுரோட இருந்தப்பவே அவன் வருவான் வருவான்னு காக்க வச்சோம். மையத்து ஆன பொறவும் காக்க வைக்கணுமாம்மா?”

இம்ரான் வந்தான்

சொன்னபடி மூன்றாம் நாள் மதியம் வந்து சேர்ந்தான். கபர்ஸ்தானுக்குப் போனான், மற்றவர்கள் போட்ட மண் காய்ந்திருந்தது, அதன் மேல் இவன் மூன்று பிடி போட்டான் என்று நசீர் சொன்னார். இரண்டு நாள் கழித்து, திரும்பிப் போகும் தேதியைப் போட இம்ரானே கடைக்கு வந்தான். ஒரு வாரம்தான் விட்டிருக்கிறார்கள், ஒப்பந்தத்தில் மீதியிருக்கும் சில நாளைப் போய் முடித்துக் கொடுக்க வேண்டும். போகும்போது இருந்த அதே பையன்தான், ஆனால் நாற்காலியில் அவன் அப்பாவைப் போலவே குனிந்து உட்கார்ந்தான். ஜெபராஜ் டீ வாங்கி வந்து வைத்தான். ஆறும்வரை யாரும் தொடவில்லை.

எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டு வருடமாக விமானக் கம்பெனிகளோடு சண்டை போட்டுப் பழகிய வாய். வழியில் எங்காவது தாமதம் பண்ணினார்களா, சாவோ பாவ்லோவிலோ துபாயிலோ உட்கார வைத்தார்களா, சொல்லு, நான் அவர்களைச் சும்மா விடமாட்டேன் என்றேன். அவன் யோசித்தான். எனக்காகவாவது ஒரு குறை கிடைக்குமா என்று நிஜமாகவே தேடிப் பார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

“இல்லக்கா, ஏறின பிளைட்டு எல்லாமே கரெக்ட் டைம். ஒண்ணு கூட லேட் இல்ல.”

விமானம் தாமதமானால் யாருக்குப் புகார் எழுதுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும், உலகம் இத்தனை பெரிதாக இருப்பதற்கு யாருக்கு எழுதுவது என்றுதான் இந்தத் தொழிலில் இதுவரை தெரிந்துகொள்ள முடியவில்லை.